எட்டாம் கட்டம்

எட்டாம் கட்டத்தில்
ஆறாம் புள்ளி செத்துப்போய் ஒரு மாதம்.
கடல்காற்று என்கிறான் கியான் ஹோங்.
எனக்கென்னவோ ரசத்தின் மேல்தான் சந்தேகம்.

இருபது கட்டம், கட்டத்துக்கு ஆறு ஊசி.
கைப்பேசிக்கு வருவதையெல்லாம்
விரலுக்கடியில் நிமிர்த்திக் காட்டும் பெட்டி.
ஆறாவது படுத்துவிட்டால்
ழ வந்தால் ர.
வ வந்தால் ல.
எட்டாம் இடத்தில் மட்டும்.
மற்ற இடங்களில் தமிழ் சுத்தமாகத்தான் இருக்கிறது.

லோகேஸ்வரிக்குக் காது கேட்காது, கண் தெரியும்.
எனக்கு இரண்டும் இல்லை.
அவளுக்குப் பிறையில் தொழிற்சாலை, இரவு வேலை.
எனக்கு ஜெலுத்தோங்கில் ஒன்பதாம் மாடி.
நடுவில் கடல்.

'இங்கே மழை' என்று அனுப்பியிருக்கிறாள்.
இங்கே மரை.
திருகாணி முடுக்கிச் சலித்துப்போய்ப் புலம்புகிறாள் என்று
ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.
இன்னொரு நாள், 'பதில் எழுது'.
பதில் எருது.
வைக்கோல் போட்டாச்சு என்றேன்.
ஒரு வாரம் அதை வைத்தே ஓட்டினோம்.

கியான் ஹோங் என் உள்ளங்கையில் விலையை எழுதினான்.
ஒன்று, நாலு, எட்டு எல்லாம் வேகமாய்.
கடைசிப் பூஜ்ஜியத்தை மட்டும் மெதுவாய்,
அது தன் தவறு என்பதுபோல.
ஓர் ஊசிக்கு ஆயிரத்து நானூற்று எண்பது வெள்ளி.
சிங்கப்பூர் போய்த் திரும்ப மூன்று வாரம்.
மூன்று வாரம் நான் யாரோடு பேச?
பெட்டியை அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு அந்தச் செய்தி.
நேத்து லந்தேன்.
சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.
கதவு திறக்கலை. நாற்பது நிமிஷம்.
மணி அழுத்தி அழுத்தி விரல் வலிக்குது.
வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.
உன்கிட்டதான் முதல்ல சொல்ல வந்தேன்.

மணி அடித்தால் அதிரும் பட்டை
அப்போது என் மணிக்கட்டில் இல்லை.
சமையலறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.
அவள் வந்தது
மேசைக்குத் தெரிந்திருக்கும்.

மன்னிப்பு எழுதினேன்.
மறுபடி எழுதினேன்.
பதினொரு நாள்
ஒரு புள்ளியும் எழவில்லை.

இனி யாரோடு பேச என்று
சீட்டுப் பணத்தை எடுத்து
பெட்டியைச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன்.
அந்த மூன்று வாரமும் பட்டையைக் கழற்றவில்லை.
குளிக்கும்போதுகூட,
பிளாஸ்டிக் பை சுற்றி.
இரண்டு தடவை அதிர்ந்தது.
ஒன்று தண்ணீர்க் கட்டணம் கேட்டு வந்தவர்,
ஒன்று யாரோ மாடி மாறி அழுத்தியது.

இன்று பெட்டி வந்துவிட்டது.
பழைய செய்திகளைப் புரட்டி எட்டாம் கட்டத்தைச் சோதித்தேன்.
மழை மழையாகவே இருக்கிறது.
வந்தேன், வந்தேன்தான்.
அதைத் தாண்டி விரல் வேகமாய் நகர்ந்தது.

கடைசியில் ஒன்று, மூன்று நாள் பழசு.
நகத்தால் தட்டிப் பார்த்தேன்.
அழுத்தித் துடைத்துவிட்டு மீண்டும் தடவினேன்.
ஊசியில் பழுதில்லை.
ஆயிரத்து நானூற்று எண்பது வெள்ளி கொடுத்து
சரியாகத்தான் படிக்கிறேன்:

பதில் எருது.