கிலோமீட்டர் பதினொன்று, இடப்பக்கம்

செவ்வாய்க்கிழமைகளில்
புக்கிட் தெங்காவுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே
வேலியோடு நடப்பது என் வேலை.
கையில் குறடு, தோளில் கம்பிச் சுருள்,
சட்டைப்பையில் மழைக்கு அழியாத பேனா.

ஓட்டைகளில் பல ரகம்.
நாய் நுழைந்தது என்றால் அடிமண் கீறியிருக்கும்.
பழைய இரும்புக்காரன் என்றால்
கம்பத்தையும் காணோம்.
பையன்கள் வளைத்தது பந்தின் அளவு.
கால்வாய் ஓரத்தில் பாகற்கொடி ஒன்று
வேலியைப் பந்தல் என்று நினைத்துக்கொண்டது.
வெட்டச் சொல்லி உத்தரவு.
பூவிட்டிருந்தது, தள்ளிப்போட்டேன்.
பிறகு காய்த்துவிட்டது.

கிலோமீட்டர் பதினொன்றில் மட்டும்
யாரோ கதவு செய்திருந்தார்கள்.
வெட்டுமுனை ஒவ்வொன்றையும் உள்ளே மடக்கி,
சைக்கிள் டியூப் சுற்றி,
அதன்மேல் சிவப்பு ராஃபியா.
புடவை கிழியாது. முழங்கை கீறாது.
இவ்வளவு நேர்த்தியாக
நான் ஒரு வேலியையும் மூடியதில்லை.

மூடினேன். அடுத்த செவ்வாய் திறந்திருந்தது.
மூடினேன்.
ஐந்தாம் வாரம் அந்தப் பக்கம் நின்றாள் பாக்கியவதி,
சந்தையில் மீன் கழுவுகிறவள்,
மணிக்கட்டில் செதில் மினுங்க.
"எத்தனை மணிக்குத் தைப்பீங்க, அண்ணே?"
தைப்பது.
பத்து வருடமாகச் செய்கிற வேலைக்கு
அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.
"பதினொன்றரை" என்றேன்.
"பன்னெண்டு ஆக்குங்க. இன்னைக்கு லோரி லேட்டு."

மேம்பாலம் அரைக் கிலோமீட்டர் தள்ளி.
அறுபத்திரண்டு படி.
மின்தூக்கியில் ஒட்டிய 'பழுது' என்ற காகிதமே
பழுதாகிவிட்டது.
அவளுடைய வலது முழங்கால்
சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

இதையும் சொல்ல வேண்டும்.
மின்சார ரயில் அதட்டிக்கொண்டு வருவதில்லை.
போன வருடம் கிலோமீட்டர் பதினான்கில்
பச்சைச் செருப்பு ஒன்றை எடுத்து வைத்தேன்.
ஒன்றுதான் இருந்தது. அளவு ஆறு.
யாரும் கேட்டு வரவில்லை.
ஸ்டோரில் இருக்கிறது, ஒரு எண் கட்டி.
வேலியைத் திட்டுகிறவர்கள்
அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

கடிகாரத்தைப் பார்த்தபடி நான் நிற்பதை
சுஹைமி கண்டுபிடித்துவிட்டான்.
"பாகார் மாக்கான் பாடி" என்று சிரித்தான்.
வேலியே பயிரை மேய்கிறதாம்.
எங்களிடமும் அதே பேச்சு உண்டு என்றேன்.
நம்பவில்லை.
எந்த வேலியின் எந்த ஓட்டை வழியாக
யார் பக்கமிருந்து வந்து சேர்ந்ததோ அது,
தைக்க ஆள் வைக்காத காலத்தில்.

தமிழ்ப்பள்ளி வாய்பாட்டின் பின்னட்டையில்
இருபது மா ஒரு வேலி என்று போட்டிருந்தது.
நிலத்துக்கே வேலி என்று பெயர் வைத்தவர்கள்
எதை அளந்தார்கள்,
உள்ளே விளைந்ததையா, சுற்றி நின்றதையா?
நான் இருப்பது ஒன்பதாம் மாடி.
மண் இல்லை, கிரில் இருக்கிறது.
பூட்டு உள்பக்கம்.

ஏழு வாரமாக அவளைக் காணோம்.
போட்ட தையல் போட்டபடியே இருக்கிறது.
மேலாளர் ஓங் தோளில் தட்டிக் கொடுத்தார்.
மின்தூக்கியைச் சரிசெய்திருப்பார்கள் என்று
போய்ப் பார்த்தேன்.
இல்லை.
சந்தையில் கேட்கலாம்.
சந்தைக்கு இரண்டு வழி.

இன்று பதினொன்றரைக்குக் குறட்டை எடுத்தேன்.
முனைகளை அவள் மடக்கியது போல மடக்கினேன்.
டியூப் இல்லை. கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினேன்.
இரண்டு பக்கமும் பார்த்தேன்,
செருப்பை நினைத்து மறுபடியும் பார்த்தேன்.
குனிந்தபோது ஒரு கம்பி
என் சீருடையில் ஒரு நூலைப் பிடித்து வைத்துக்கொண்டது.

பதிவேட்டில்:
கிலோமீட்டர் பதினொன்று, இடப்பக்கம்.
வெட்டு, மூன்றடி.
வெட்டியவர் தெரியவில்லை.
கை பழகாதவர்.