அரைப் பேர்

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன்:
டாலோ ஸ்ட்ரீட் லண்டன் குழு இல்லை.
வுல்வர்ஹம்ப்டன்.
நவ்ஷாட் இன்னும் லண்டன் என்றுதான் சொல்லித் திரிகிறான்.
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
பதினொரு படி ஏறினால் அவன் ரெக்கோடிங் பார்.

இரண்டாவது இசைத்தட்டு, எழுபத்து மூன்று.
ஒன்பது பாட்டு. உறையில்
டிரம்ஸ்: கொலின் ஆட்வுட். அவ்வளவுதான்.
முதல் பக்கம் சரி.
தட்டைத் திருப்பி ஊசியை வை:
ஐந்தாம் பாட்டிலிருந்து பெரிய டிரம்மை
மிதிக்கிற கால் வேறு.
மயிரிழை பிந்தி விழுகிறது,
மழை நாளில் லயத்துப் படி இறங்குகிறவன்
அடுத்த கல் இருக்கிறதா என்று
தடவிப் பார்த்து வைப்பது மாதிரி.

"உன் ஸ்பீக்கரில் பூஞ்சணம்" என்றான் நவ்ஷாட்.

நான் பத்தொன்பது வருசம் செக்ரோல் எழுதியவன்.
யாருக்கு முழுப் பேர்,
கொழுந்து குறைந்து யாருக்கு அரைப் பேர்.
வேலை செய்தவன் பேர் ஏட்டில் விடுபட்டால்
எனக்குச் சோறு இறங்காது என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.

உறைக்குள் ஒரு படம்.
செங்கல் சுவரில் சாய்ந்து நால்வர்.
கொலினின் இடது மணிக்கட்டில் மாக்கட்டு.
தலைக்கு மேலே பாதி கிழிந்த சந்தை விளம்பரம்:
மே ஆறு, ஞாயிறு.
தோட்டத்து ஒபிசில் பழைய டயரிகளைப் புரட்டினேன்.
எழுபத்து மூன்றில் மே ஆறு ஞாயிறு.
எழுபத்து நாலில் திங்கள்.
பதிவு நடந்தது ஏப்ரல், மே, எழுபத்து மூன்று
என்று உறையே சொல்கிறது.
ஒற்றைக் கையால் ஒன்பது பாட்டா?

"போஸ்டர் பழசாக இருக்கும்.
போன தேர்தல் யானை இன்னும்
மார்க்கட் சுவரில் நிற்கிறதே.
உன்னிடம் இருப்பதும் மறு அச்சு."
அவன் சொன்னதில் பிழை இல்லை.
அதுதான் எரிச்சல்.

கொம்பனிக்கு மூன்று கடிதம் போட்டேன்.
பதினாலு மாதம் கழித்து நீல எயார் லெட்டர்,
கொலின் கையாலேயே:
ஒன்பதும் நான்தான் அடித்தேன்.
கை முறிந்தது அடுத்த வருடம்.
அங்கே மழை அதிகமோ?

நவ்ஷாட் பிளேன்டீயும் சுண்டலும் வாங்கித் தந்தான்.
ஜெயித்தவன் வாங்கித் தரும் டீ
எப்போதும் இனிப்பு அதிகம்.

அன்று இரவு தட்டு சுற்றி நின்ற பிறகு
ரூபமேரி வந்தாள், நினைப்பில்.
மேட்டு லயம், ஏழாம் நம்பர் மலை.
"செவ்வாக்கிழமை நான் வந்தேன் ஐயா."
ஏட்டில் கோடு இல்லை.
கையை விரித்தாள், ரேகையெல்லாம் கொழுந்துக் கறை.
இந்தக் கறை செவ்வாயுடையதா புதனுடையதா
என்று கேட்டேன்.
அப்படித்தான் கேட்டேன்.
பேர் போடவில்லை.

அவளை நம்பாமல் ஏட்டை நம்பியவன்
இப்போது ஏட்டையும் நம்பவில்லை,
அடித்தவன் வாயையும் நம்பவில்லை,
பூஞ்சணம் பிடித்த ஒரு ஸ்பீக்கரை நம்புகிறேன்.

நவ்ஷாட் கடைக் கசெட்டுகளுக்கு
அட்டை எழுதுவது நான். ஒன்றுக்கு இரண்டு ரூபாய்.
அந்த வாரம் அறுபது அட்டை, கெப்பிட்டல் எழுத்தில்.
டிரம்ஸ்: கொலின் ஆட்வுட், அரைப் பேர்.
அரைப் பேருக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது,
சொல்லை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன்.
மற்ற அரை எவனுடையது என்பதும் தெரியாது.

அடுத்த வருசம் படியேறி வந்தான்
பேராதனையில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பையன்.
கசெட்டை மேசையில் வைத்தான்.
"அண்ணை, கொலினைத் தெரியும்.
ஆர் இந்த அராய் பெர்?
மற்றப் பக்கம் முழுக்க அவன்தானே?
கால் வேற மாதிரி விழுது."

நவ்ஷாட் என்னைப் பார்த்தான்.
திருத்த வாயெடுத்தேன்.
அறுபது அட்டை; மஸ்கெலியா, நானுஓயா,
எங்கெங்கோ போய்விட்ட அறுபது.

"அவனும் லண்டனோ?" என்றான் பையன்.

"வுல்வர்ஹம்ப்டன்" என்றேன்.
பிறகு, மனசு கேட்காமல்:
"அது மட்டும் உறுதியில்லை."