நாலாம் தசமதானம்

உட்துறைமுக வீதியில் என் போட்டோக்கொப்பிக் கடை.
பெறுபேறு வந்த கிழமை மட்டும்
அது சாத்திரக் கடை.

பதினொரு வருசத்து வெட்டுப்புள்ளி
ஒரு கணக்குக் கொப்பியில் இருக்கிறது.
மருத்துவம் சிவப்பு மை, பொறியியல் நீலம்,
விவசாயம் பென்சிலில்.
அதை யாரும் முதலாவதாகக் கேட்பதில்லை.

இன்று கிண்ணியா பஸ்ஸில்
ஒரு வாப்பாவும் மகளும் வந்தார்கள்.
இசட் புள்ளியைத் துண்டில் எழுதி,
துண்டைப் பொலித்தீனில் சுற்றி,
பொலித்தீனைச் சட்டைப்பையில் வைத்து
அதன்மேல் கையையும் வைத்திருந்தார்.
மழை இல்லை.

சீனன்குடா மா ஆலையில் மூட்டை ஏற்றுகிறவராம்.
காதுமடலில் இன்னும் மா.

"மாவட்டத்தில் எத்தனையாவது?"
"முப்பத்திநாலு."

போன வருசம் முப்பத்தொன்றோடு நின்றது.
அதற்கு முந்திய வருசம் முப்பத்தாறு மட்டும் போனது.
வாயால் சொல்லவில்லை,
கொப்பியை அவர் பக்கம் திருப்பினேன்.
அவர் இலக்கத்தைப் பார்க்கவில்லை.
என் முகத்தைத்தான் வாசித்தார்.

இந்தக் கணக்கில்
கூட்டலும் பெருக்கலும் சும்மா.
கடைசியில் மிஞ்சுவது கழித்தல்தான்.
வெளிநாட்டு விசாவுக்குக் கைநாட்டுக் கொடுத்தவன் ஒருவன்,
காசு கட்டிக் கொழும்பில் படிக்கப் போகிறவள் ஒருத்தி,
இரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவன் ஒருவன்
(அவன் அம்மா நேற்று இதே கதிரையில் அழுதார்).
மேலே யாரோ மூன்று பேர்
தங்கள் தங்கள் வீட்டில் சண்டை பிடித்தால்
கீழே ஒரு வீட்டில் வெள்ளைக் கோட் தைக்கலாம்.

அதுவரை பேசாதிருந்த மகள் கேட்டாள்:
"முப்பத்திமூணு ஆரு?"

எனக்குத் தெரியும்.
உவர்மலைப் பிள்ளை. முந்தநாள் வந்தாள்.
முப்பத்திரண்டு யார் என்று கேட்டாள்.

"சொல்ல ஏலாது தங்கச்சி."
"தேவல்ல. லக்சிகாதான்.
என்ட சேதன இரசாயன நோட்ஸ்
இன்னும் அவக்கிட்டத்தான் கிடக்கு."

கோபமாகச் சொல்லவில்லை.
இரவல் கொடுத்த குடை
எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கொப்பியின் முதல் பக்கத்தை நான் யாருக்கும் திருப்புவதில்லை.
அங்கே ஒரே ஒரு புள்ளி, என் கையெழுத்து.
நாலாம் தசமதானத்தில் தவறியது.
பல்தேர்வில் ஒரு நொதியக் கேள்வி,
மூன்று போட்டேன், அழித்தேன், நாலு போட்டேன்.
அந்த நாலின் மேல்தான் இந்தக் கடை நிற்கிறது.
வாடகை நிலுவை இல்லை.

"நூத்துக்கு எத்தின வீதம்? அதச் சொல்லுங்க."

ஐம்பது என்றால் எல்லாரும் சிரித்துக்கொண்டு
தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.
யாரையும் புண்படுத்தாத எண் அது,
அதனாலேயே எனக்குப் பிடிக்காது.

நாற்பது என்றேன்.

"நாப்பது வீதம் மழை எண்டா
நான் குடை எடுக்கமாட்டன்" என்றார் வாப்பா.
"நான் எடுப்பன்" என்றாள் மகள்.

பிறகு விரலை வைத்துக் கேட்டாள்:
"இது என்ன, பென்சில்ல?"
சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை,
ஆனால் விரலை எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

கொப்பி இரண்டு, இருபது ரூபா.
சாத்திரத்துக்குக் காசு வாங்குவதில்லை.

மத்தியானம்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வாசலுக்கு வந்து
மை படர்ந்து நான் வீசிய தாள்களை
ஆறுதலாக மென்றது.
யாருடைய பெறுபேறோ.
துரத்த எழும்பினேன்,
அதற்குள் இன்னொரு தகப்பன்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.
கடைக்குள் செருப்போடு வரலாம் என்று
எத்தனை பேருக்குத்தான் சொல்வது.