கியூர்பீப் கணக்கு

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.

ஒன்பது உருப்படி கொண்ட பொட்டலம்
நானூற்றைம்பது ரூபாய்.
ராத்திரிக்கு ஐம்பது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு.
காலையில் சுருட்டி, பைக்குள் பை போட்டுக் கட்டி,
குப்பை வண்டிக்கு முன் நான் எழ வேண்டும்.

துவைத்துப் போடுவது
ஒன்றே தொள்ளாயிரம்.
நாலு வேண்டும்; இந்த ஊரில்
மழை விட்டால்தானே துணி காயும்.
மூவாயிரத்து அறுநூறு. சோப்பு தனி.

இரண்டரை மாதத்தில் போட்ட காசு வந்துவிடும்
என்றது பென்சில்.
அதுவரை நனைப்பானா என்று
பென்சிலுக்குத் தெரியாது.
டாக்டரும் உதட்டைப் பிதுக்கினார்:
ஏழு வயதுதானே, அம்மா.

இந்த மாதத்தோடு நின்றுவிடும்,
இந்த மாதத்தோடு நின்றுவிடும் என்று
பொட்டலம் பொட்டலமாய்ப் பதினான்கு மாதம்.
இருபத்தோராயிரம்.
ஃபுளோரியல் ஆலையில் ஸ்வெட்டருக்குக் கழுத்து தைத்து
நான் வாங்கும் மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

துணி வாங்கினேன்.
இன்னும் நாளாகும் என்று
ஒத்துக்கொண்டதுதான் அது.
நீலத்தைக் கோவிலனே எடுத்தான்.
குளிர்ப்பெட்டிக்குப் பின்னால், அந்த வெதுவெதுப்பில்
இரண்டு தொங்குகின்றன, நேற்றிலிருந்து.

போன வாரம் பள்ளி முகாம், கடலோரம், ஒரே இரவு.
ஈரத்துணியை அங்கே எங்கே ஒளிப்பான்?
மறுபடி ஒரு பொட்டலம்.
ஒன்றை உருவி, கால்பந்துக் காலுறைக்குள் திணித்துப்
பையின் அடியில் வைத்தேன்.
மிச்சம் எட்டு, அலமாரி மேல்.
அந்த நானூற்றைம்பதை
ரசீதில் எழுதவில்லை.

வந்தவன் காதோரம் சொன்னான்:
கூடாரத்தில் மிலனுடைய காலுறையும்
ஒன்று மட்டும் தடியாக இருந்ததாம்.