சீவல்

வியன்னாவில் அந்தக் குளிர்காலம்
ரொட்டியில் மரத்தூள் கலந்திருந்தது.
காப்பி என்று தந்ததில் காப்பி இல்லை.
நிலக்கரி எல்லாம் போர்முனைக்குப் போயிற்று.
கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு
நான் மூளை சீவினேன்.

அதுதான் வேலை. லியோபோல்டினே ஹ்ருத்லிச்கா,
சம்பளப் பட்டியலில் ‘உதவியாள், பெண்.’
வெங்காயத்தின் உள்தோலை விட மெல்லிசு;
மூச்சு பட்டால் சுருண்டுகொள்ளும்,
அடக்கிக்கொண்டுதான் எடுப்பேன்.

உயிரோடு இருந்தபோதே இருவரையும் தெரியும்.

அடுமனைக்காரர் வென்ஸல் க்ரோபாட்செக்:
கூப்பிட்டால் கண் திறப்பார்,
பெயர் கேட்டால் சொல்வார், தெரு கேட்டால் சொல்வார்.
ஒருமுறை என்னிடம் மாவு விலை கேட்டார்.
நான் பதில் சொல்லி முடிக்குமுன்
வாயில் உருளைக்கிழங்கோடு உறங்கிவிட்டார்.
ஒன்பது வாரம் இப்படி.
இருபது வருடம் இரவு இரண்டு மணிக்கு எழுந்தவர்,
பாக்கித் தூக்கத்தை வசூலிக்கிறார் என்று
தாதிகள் சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.

மூன்று கதவு தள்ளி, பெண்கள் பகுதியில்,
டிராம் நடத்துனர் ரோஸாலியா டிஹி.
அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.
இரவெல்லாம் கைகள் தாமாகவே
இல்லாத சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தன.
மருந்து தந்தார்கள். கட்டிலோடு கட்டினார்கள்.
“யாராவது அந்த விளக்கை அணையுங்களேன்” என்பாள்.
விளக்கு
அணைந்துதான் இருந்தது.

ஒரே வாரத்தில் இருவரும் கீழே வந்தார்கள், என்னிடம்.

பெரிய மடிப்புகளை டாக்டர் கேட்கவே இல்லை;
கணக்கு, கடவுள், பிரெஞ்சு இலக்கணம் எல்லாம்
அங்கேதான் என்பார்கள்.
“அடியில் வெட்டுங்கள். கண் நரம்புகள்
குறுக்கிடும் இடத்திலிருந்து பின்னோக்கி.”
கட்டைவிரல் நகமளவு இடம்.
நீலச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டினேன்.
ஒரு மூளையில் நகத்தின் முன்பாதி,
பூச்சி அரித்த கம்பளி போல.
இன்னொன்றில் பின்பாதி.

தூங்கியே கிடந்தவருக்கு முன்பாதி கெட்டிருக்கிறது;
ஆகவே நம்மை எழுப்புவது முன்பாதி,
உறங்கவைப்பது பின்பாதி என்று
டாக்டர் எழுதினார்.
மூன்று நாள் அது அப்படியே இருந்தது.

நான்காம் நாள் அந்தக் கீறலைப் பார்த்தேன்.
அடுமனைக்காரரின் மூளையை எடுக்கும்போது
இடது ஓரத்தில் என் கத்தி தவறியது.
கீறல்
ரோஸாலியா என்று எழுதிய கண்ணாடியில் இருந்தது.

பெயர்ச்சீட்டு ஒட்டிய இரவு ஞாபகம் வந்தது.
பசை தடவிய சீட்டுகள் இரண்டு கையில் இரண்டு,
ஒரு கணம் தலை சாய்ந்தது.
கணம்தானா? தெரியாது.
அளந்து சொல்ல வேண்டியவள்
அப்போது அங்கே இல்லை.

போய்ச் சொன்னேன். முழங்கால் நடுங்கியது.
டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
தாள் கிழியும்படி அந்த வரியை அடித்தார்,
திருப்பி எழுதினார்:
முன்பாதி உறங்கவைக்கும், பின்பாதி எழுப்பும்.
“நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?”
“மூன்று.”
அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.
அரைக் குரோனை அபராதம்.

அன்றிரவு டிராமில் உட்கார்ந்ததுதான் தெரியும்.

முதலில் மஞ்சள் வந்தது.
அது விளக்கு என்பது பிறகு.
ஈரக் கம்பளி வாடை. ஒரு குரல்,
குரலாக மட்டும், சொல்லாக அல்ல.
தோளில் ஒரு கை, கைக்குப் பின்னால் சீருடை.
மடியில் ஒரு பை.
பைக்கு உரியவள் யாரென்று
இன்னும் வந்து சேரவில்லை.
அடியில் எங்கோ, நகத்தின் பின்பாதியில்,
யாரும் இல்லாத ஒரு வேலை
நடந்துகொண்டிருந்தது.

“ஹெர்னால்ஸ். கடைசி நிறுத்தம். இறங்குங்கள்.”

சொல் சொல்லாயிற்று. பை என் பையாயிற்று.
புதிய நடத்துனர், சின்னப் பெண்,
தொப்பி காதுவரை இறங்கியிருந்தது.
என் உள்ளங்கையில், வியர்வையில் ஒட்டிக்கொண்டு,
சீட்டு.
யாரும் கிழித்திருக்கவில்லை.