ஈரக் கயிறு

பழைய அரசன் கிழக்கே ஓடிப்போன
பதினோராவது அறுவடையில்
யூப்ரட்டீஸின் இந்தக் கிளை வாய்க்காலுக்கு
நிலம் அளக்க ஆள் வந்தது.

வந்தவன் சின்னப் பையன், ஹன்ளலா என்று பெயர்.
மீசை வருவதா வேண்டாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
ஒட்டகத்திலிருந்து இறங்கியதும்
வாய்க்காலைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.
இவ்வளவு தண்ணீர் காவல் இல்லாமல் ஓடுவதை
அவன் கண்டதில்லை போல.

காவல் இருந்தது.
மேட்டு வீட்டில் மாஹ்குஷ்னஸ்ப் இருந்தார்.
அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு பாத்தி நிரம்பிவிடும்.
மதகுப் பலகை அவர் வீட்டு முற்றத்தில்.
களத்தில் அம்பாரம் குவிந்தால் முதல் மரக்கால் அவருக்கு,
இரண்டாவதும் அவருக்கு,
மூன்றாவது அரசனுக்கு. அதையும் அவரே வாங்கிக்கொள்வார்.

அரசன் போனான், அவர் போகவில்லை.
வந்தவர்களின் தொழுகையைப் பத்து நாளில் கற்றுக்கொண்டார்.
குதிரை அதே குதிரை,
சேணத்தைக்கூட மாற்றவில்லை.

அவர் பாரசீகத்தில் எண்ணுவார்.
பையன் அரபியில் கேட்பான்.
நாங்கள் அரமேயத்தில் பசித்திருப்போம்.
நடுவில் மொழிபெயர்க்க
அவர் ஒருவர்தான்.

முதல் நாள், களத்து முளையிலிருந்து
ஒற்றை ஈச்சை வரை பிடித்துப் பார்த்தான்.
கயிறு கச்சிதம், அறுபது முழம்.
அன்று இரவு அது வாய்க்காலில் கிடந்தது.
யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.
மேட்டு வீட்டு வேலைக்காரன் யஸ்தினின் சட்டை
விடியலில் முழங்கை வரை நனைந்திருந்தது.
அதையும் நான் பார்க்கவில்லை.

நனைந்த சணல் சுருங்கும்.
கயிறு சுருங்கினால் நிலம் பெருகும்.
ஒரு மணிகூடக் கூடுதலாய் விளையாமல்
என் வயல் மூன்று ஜரீப் வளர்ந்துகொண்டிருந்தது.
நான் மண்ணைப் பார்த்து நின்றேன்.
மண்ணைப் பார்த்து நிற்பதில் எனக்கு
நாற்பது வருடப் பழக்கம்.

ஷுஷான்தான் கத்தினாள். என் மகள், ஒன்பது வயது.
என்ன சொல்கிறாள், என்று பையன் கேட்டான்.
உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டுகிறாள்,
என்று இவர் சொன்னாராம்.
எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அவள் கயிற்றைப் பிடுங்கினாள்.
ஹப்லா, என்றாள். கயிறு.
பையன் திரும்பினான். ஹப்ல்?
மய்யா, என்றாள், வாய்க்காலைக் காட்டி.
மா, என்றான் மெதுவாக,
காணாமல் போன தன் ஆட்டை
அயலூர்ச் சந்தையில் கண்டவன் போல.
முளையில் முடிச்சிட்டு ஈச்சையை நோக்கி ஓடினாள்.
நேற்று எட்டிய மரத்துக்கு
மூன்று முழம் முன்னால்
கயிறு நின்றது.

மாஹ்குஷ்னஸ்ப் இருமினார்.
அந்த இருமலை
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பையன் கயிற்றை முள்வேலியில் விரித்துவிட்டு
பக்கத்திலேயே உட்கார்ந்தான், காவல் நாய் மாதிரி.
பேரீச்சை தின்றான். எனக்கும் நீட்டினான்.
கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல்
விழுங்கிவிட்டேன்.
உச்சி சாய்ந்ததும் அளந்தான்,
உள்ளது உள்ளபடி.

இத்தோடு முடிந்தது என்று சொல்ல ஆசைதான்.
குளிர்காலத்தில் மதகுக் கூலி என்று புதிதாக ஒன்று வந்தது,
அந்த மூன்று ஜரீபுக்கும் அது சரியாக இருந்தது.
பையனை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.
தலைவரி கட்டியதற்கு அடையாளமாக
என் கழுத்தில் ஈய முத்திரை ஒன்றைக் கோர்த்து முடிந்தார்கள்.
முடிந்தவன் அதன் பெயரைச் சொன்னான்.
ஷுஷான் நிமிர்ந்து பார்த்தாள்.
அதற்கும் எங்கள் வாயில்
ஏறக்குறைய அதே சொல்தான்.

இப்போதெல்லாம் வழிப்போகும் ஒட்டகக்காரர்களை நிறுத்தி
ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்.
உப்புக்கு என்ன, வீட்டுக்கு என்ன.
பல ஒத்துப்போகின்றன, கைகொட்டிச் சிரிக்கிறாள்.
மதகுக்கு மட்டும்
இதுவரை யாரும் சொல்லவில்லை.