கழுதைப்புலிக்குக் குளிரவில்லை

டுலூத் நகரில் ஜனவரி.
துறைமுகத்துப் பனிக்கட்டிமேல் மீன்பிடிக் குடில்கள்.
விடுதியின் ஏழாம் மாடியில்
ஆர்வில் தன் தலையை மாட்டிக்கொள்கிறான்.
முதுகு ஜிப்பை நான் இழுக்கிறேன்.
கடைசி நான்கு அங்குலம் எப்போதும் அடம்பிடிக்கும்.

பகலில் காப்பீட்டு நிறுவனத்தில், தொலைபேசியில்,
"மன்னிக்கவும், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை."
நாளைக்கு நாற்பது முறை.
அந்தக் குரலை அவன் இங்கே கொண்டுவருவதில்லை.
கழுதைப்புலி பேசாது.
தோளால் சிரிக்கும்.

கழுதையா புலியா என்று குழம்பி
யாரோ பெயரிலேயே கைவிட்ட மிருகம்.
நரிகளும் ஓநாய்களும் மலிந்த கூட்டத்தில்
அதைத்தான் பிடித்துக்கொண்டான்.
புள்ளிகளை வரைந்தது நான்.
இடது காதில் ஒன்று கூடிப்போனது.
எல்லோரிடமும் அதைத்தான் காட்டுவான்.

வாலில்லாதவள் நான்.
உள்ளிருந்து பார்த்தால் உலகம்
இரண்டு துண்டு வலைத்துணி. படிகள் தெரியாது.
ஆகவே என் முழங்கை,
என் பையில் உறிஞ்சுகுழல், பேட்டரி விசிறி.

லிஃப்டில் ஒரு கல்யாணக் கோஷ்டி.
மணப்பெண்ணின் மாமா
பொத்தான்களைப் பார்த்தபடி சொன்னார்:
"வளர்ந்த மனுஷங்க."
மீதியை மூக்கு சொன்னது.

இரவு இரண்டு பதினேழுக்கு அபாய மணி.
யாரோ பாப்கார்னைக் கருக்கியிருக்கிறார்கள்.
வாகன நிறுத்தத்தில் நானூறு பேர்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
பட்டு கவுன்கள், வெறுங்கால்கள்,
கேக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்த ஒருவர்.
நடுவே, ஆடிய இடத்திலிருந்து நேராக வந்ததில்
ஆவி பறக்க நாங்கள்:
ஒரு டிராகன், இரண்டு நீர்நாய், கூச்சக்காரக் கங்காரு.

தீயணைப்புக்காரி பட்டியலோடு வந்தாள்.
"பெயர்?"
கழுதைப்புலி என்னைப் பார்த்தது.
"பிஸ்கட்" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

மாமா பனியனோடு நின்றார்.
பற்கள் தந்தியடித்தன.
கழுதைப்புலி இரண்டு கைகளையும் விரித்தது.
அவர் இந்தப் பக்கம் பார்த்தார்,
அந்தப் பக்கம் பார்த்தார்,
பிறகு போய் நுழைந்துகொண்டார்,
தாடை வரைக்கும்.

பதினொரு நிமிடம்.
"உள்ளே யாரப்பா நீ?" என்று கேட்டாராம்.
ஆர்வில் பதில் சொல்லவில்லையாம்,
தோள் மட்டும் குலுங்கியதாம்.
அந்தக் குலுக்கலில் அவரும் குலுங்கினாராம்.

அறையில் தலையைக் கழற்றினான்.
நெற்றியில் நுரைப்பஞ்சின் அச்சு,
முடி நனைந்து ஒட்டிய திங்கட்கிழமை முகம்.
மார்பு ரோமத்தில் விஸ்கியும்
யாருடையதோ சவரத் தைலமும் மணத்தன.
சீப்பை எடுத்தேன்.

"நாளைக்கு" என்றான்.